துணைக்கு நின்றவள்

இரவு மணி இரண்டே முக்கால். தாராவிக்கு வடக்கே, உப்பங்கழி வளைகிற இடத்தில், ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பெரிய இரும்புக் குழாய். அதன்மேல் ஒருத்தி நடந்து போகிறாள். கையில் தகர டப்பா. விளக்கு இல்லை. அவளுக்கு நாலு அடி முன்னால் இன்னொருத்தி...

அந்தக் குழாய்மேல் யார் நடந்தாலும் தொம்... தொம்... என்று கேட்கும். பின்னால் போகிறவளின் காலடி கேட்டது. முன்னால் போகிறவளின் காலடி கேட்கவில்லை.

இது நம் ஏசுதாஸின் சித்தி ரோசம்மாவுக்கு நடந்தது. எண்பத்தி மூன்றாம் வருஷம். சயானில் ரேடியோ ரிப்பேர் செய்கிறானே, அதே ஏசுதாஸ்தான். எப்போதும் கடை அதிரப் பேசுகிறவன், இதைச் சொன்னபோது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். கரண்ட் வருகிறபோது வரட்டும். மெழுகுவர்த்தியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்த இடத்துக்குப் பெயர் கிடையாது. தீவு என்பார்கள். மூன்று பக்கம் கழித் தண்ணீர், நாலாவது பக்கம் தோல் கிடங்குகளின் சாக்கடை. நடுவே மேடாகக் கொஞ்சம் மண், அதில் முப்பத்தெட்டுக் குடிசைகள். தகரச் சுவர், தகரக் கதவு, மேலே சாக்கும் பிளாஸ்டிக்கும். போகவும் வரவும் அந்தக் குழாய் ஒன்றுதான் வழி. அக்கரையில் நாணுவின் டீக்கடை, அதை ஒட்டி ஒரே ஒரு தண்ணீர்ப் பைப். காலடியில் பம்பாய்க்கே போகிற தண்ணீர் ஓடும். அதன்மேல் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, இவர்கள் தங்கள் தண்ணீரைச் சுமந்து நடப்பார்கள்.

தபால்காரர் தீவுக்குள் வர மாட்டார். கடிதங்களை நாணுவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். யாராவது இறந்தால் நாலு பேர் தோள் கொடுக்க முடியாது. குழாயின் அகலம் அவ்வளவுதான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். மற்றவர்கள் வரிசையாக, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நடந்து வருவார்கள்.

ஆனால் நல்ல மனிதர்கள்தான். மாதா கோயில் திருவிழாவுக்கு பேராச்சி வீட்டில் பொரி விளங்காய் உருட்டுவார்கள். நோன்பு மாதத்தில் சைனப் வீட்டுக் கஞ்சி எல்லாக் குடிசைக்கும் போகும். ஒரு வீட்டில் தீப்பெட்டி தீர்ந்தால் தகரச் சுவரின் ஓட்டை வழியாகவே அடுத்த வீட்டிலிருந்து தீக்குச்சி வந்துவிடும்.

அந்தத் தீவில் இல்லாத ஒன்று சண்டாஸ், அதாவது கக்கூஸ். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் கட்டித் தருகிறோம் என்பார்கள். குழாயின் அந்தப் பக்கமே நின்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆண்கள் எப்படியோ எங்கேயோ பார்த்துக்கொண்டார்கள். பெண்களுக்கு இரவுதான். குழாயின் நடுவழியில், குழாயைத் தாங்குகிற இரண்டாவது சிமெண்டு மேடைக்குக் கீழே, அலையாத்திச் செடிகளுக்குள் ஒரு சேற்றுக் கரை உண்டு. அங்கே போக வேண்டும். அதுவும் கழியில் தண்ணீர் வடிந்திருக்கிற நேரம் பார்த்து. தண்ணீர் ஏறுவதை அங்கே எல்லோரும் பர்த்தி என்பார்கள். பர்த்தி நாளுக்கு நாள் முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும். கடிகாரம் இல்லாத பெண்கள் அதை நாற்றத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். சேற்று வாடை தூக்கினால் தண்ணீர் வடிந்துவிட்டது. உப்பு வாடை வந்தால் ஏறுகிறது.

தனியாகப் போகக் கூடாது. அதற்குத்தான் துணை. தீவுக்கு வந்த பெண், வந்த வாரத்திலேயே ஒரு துணை பிடித்துக்கொள்வாள். ஒருத்திக்கு ஒருத்தி. தீவை விட்டுப் போகிறவரை அவள்தான். நேரம் ஆனதும் ஒருத்தி வந்து மற்றவள் வீட்டுத் தகரத்தில் நகத்தால் தட்டுவாள். டக்... டக். இரண்டே தட்டு. பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். இரவில் சொல்லுகிற பெயரைக் கழி கேட்டு வைத்துக்கொள்ளும் என்று ஒரு பயம். விளக்கும் எடுப்பதில்லை. வெளிச்சம் இருந்தால் அக்கரையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஆண்களுக்குத் தெரிந்துவிடும். கரையில் ஒருத்தி இறங்குவாள், மற்றவள் அவளுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். திரும்பிப் பார்க்கவே கூடாது. முடிந்ததும் ஒரு இருமல். பிறகு இவள் இறங்குவாள், அவள் நிற்பாள். மறுநாள் வெளிச்சத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நன்றிகூடச் சொல்லிக்கொள்வதில்லை.

மானத்தோடு வாழ அவர்களாகவே செய்துகொண்ட ஏற்பாடு. சுவர் இல்லாத இடத்தில் இன்னொருத்தியின் முதுகுதான் சுவர்.

தீவில் அப்படிப் போகிற பெண்கள் நாற்பத்திரண்டு பேர். இருபத்தோரு ஜோடி. ஜூலை மாதம் மழையில் கல்யாணமாகி வந்து இறங்கிய ரோசம்மா நாற்பத்திமூன்றாவது பெண்.

அவள் கணவன் ஞானசீலன் மாட்டுங்காவில் ஒரு பேக்கரியில் இரவெல்லாம் மாவு பிசைகிறவன். மாலை ஏழு மணிக்குப் போனால் காலை ஆறு மணிக்குத்தான் வருவான். தலைமுடியெல்லாம் மாவு, கையில் சூடான பாவ் ரொட்டி. இரவு முழுவதும் ரோசம்மா தனிதான். உவரிப் பக்கத்துக் கடற்கரைப் பெண். வாய் ஓயாமல் பேசி வளர்ந்தவள். இங்கே பேச ஆள் இல்லை.

வந்த நாலாம் நாள் அவள் ஒரு தப்பு செய்தாள். வழக்கம் யாரும் சொல்லித் தரவில்லை. நடு இரவில் பக்கத்து வீட்டுக் கதவின் முன் நின்று, "பேராச்சி அக்கா... பேராச்சி அக்கோவ்..." என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டாள். தீவு முழுவதும் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. மறுநாள் பேராச்சியின் பிள்ளைக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் வலிப்பு. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான். ரோசம்மா போய் மன்னிப்புக் கேட்டாள். பேராச்சி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யார் துணைக்கு வருவார்கள்? பைப்பில் அவள் குடம் வைத்தால் பேச்சு நின்றுவிடும். யாரும் ஏசவில்லை. யாரும் தள்ளவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

ரோசம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். மாலைக்கு மேல் சோறு தொட மாட்டாள். வயிறு இறுகி, முகம் வெளுத்துப்போயிற்று. அதற்குள் அவள் முழுகாமல் இருந்தாள். அடக்கி வைக்க முடியாத உடம்பு. ஒரு நாள் பொறுக்க முடியாமல், மாதாவை வேண்டிக்கொண்டு தனியாகக் குழாயில் ஏறினாள். பாதி வழியில், கீழே செடிகளுக்குள் ஒரு பீடி நுனி சிவந்தது. அணைந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் மறுபடி சிவந்தது. அவள் ஓடி வந்துவிட்டாள். டப்பாத் தண்ணீர் சேலையெல்லாம் கொட்டியிருந்தது.

ஊருக்கே போய்விடுகிறேன் என்று காலையில் அழுதாள். ஞானசீலன் மாவு படிந்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போ என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை, இரு என்று சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏற்றி விடுவதாக முடிவாயிற்று.

வியாழக்கிழமை இரவு, தகரத்தில் சத்தம் கேட்டது.

டக்... டக்.

முதலில் எலி என்று நினைத்தாள். பிறகு மறுபடியும்... டக், டக். நகம்தான். எழுந்து கதவைத் திறந்தாள். சேலைத் தலைப்பால் முக்காடிட்ட ஒரு பெண் ஏற்கெனவே முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள். மெலிந்த முதுகு. நடையில் அவசரம் இல்லை. ரோசம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கூப்பிடவில்லை. இப்போது வழக்கம் தெரியும் அவளுக்கு.

குழாய்மேல் போகும்போது ஒரு வாடை வந்தது. நனைந்து காயாத சாக்கின் வாடை. அதற்குள்ளே லேசாக மஞ்சள் வாடை, குளித்துவிட்டு வந்தவள்மேல் வருவதுபோல. இரண்டாவது மேடையருகே அந்தப் பெண் நின்று, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ரோசம்மா இறங்கினாள். முடிந்து இருமினாள். மேலே ஏறி, "நீங்க போங்க, நான் நிக்கேன்" என்று மெதுவாகச் சொன்னாள். முக்காடு இடமும் வலமும் அசைந்தது. வேண்டாம். பிறகு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து ரோசம்மா ஒரு செம்புத் தண்ணீரையும் மூச்சு விடாமல் குடித்தாள். எத்தனை நாள் தாகம்...

ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறவில்லை. துணை கிடைத்துவிட்டது என்றாள். யார், பேராச்சி அக்காவா என்று ஞானசீலன் கேட்டான். அதெல்லாம் கேட்கக் கூடாதாம் என்று சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆகஸ்ட் போயிற்று. செப்டம்பர் போயிற்று. பர்த்தி எப்போது வடிந்தாலும் அந்த நேரத்துக்குச் சரியாகத் தகரத்தில் இரண்டு தட்டு. ஒருநாள்கூடத் தப்பவில்லை. பெருமழை அடித்த இரவில்கூட. அந்தப் பெண் ஒருநாளும் டப்பா கொண்டுவரவில்லை. ஒருநாளும் தன் முறைக்கு இறங்கவில்லை. வீட்டிலிருந்தே போய்விட்டு வருகிறாளாக்கும், எனக்காகவென்றே எழுந்து வருகிறாளாக்கும் என்று நினைத்தபோது ரோசம்மாவுக்குக் கண் நிறைந்தது. அது பேராச்சி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதே மெலிந்த முதுகு. தான் செய்த தப்பை வாயால் மன்னிக்காமல் காலால் மன்னிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள்.

பகலில் நன்றி சொல்லக் கூடாது. அதனால் ஒன்று செய்தாள். ஞானசீலன் கொண்டுவருகிற பாவில் இரண்டை எடுத்து, சூடு ஆறுமுன் பேராச்சியின் வாசலில் ஒரு தட்டில் வைத்துவிட்டு வருவாள். தினமும். முதல் வாரம் தட்டு அப்படியே இருந்தது. இரண்டாம் வாரம் காலியாக இருந்தது. மூன்றாம் வாரம் தட்டைக் கழுவி, அதில் ஒரு பிடி முருங்கைக் கீரை வைத்திருந்தார்கள்.

அக்டோபர் மாதம். மழை விட்டு இரண்டு வாரம். பைப்படியில் பேராச்சியே பேச்சைத் தொடங்கினாள்.

"ஏட்டி ரோசம்மா, நித்தம் எதுக்கு இந்த பாவக் கொண்டு வைக்க? எம்புள்ள இப்பம் எந்திரிச்ச உடனே உன்னையத்தான் கேக்கான்."

ரோசம்மா சுற்றிலும் பார்த்தாள். வழக்கத்தை மீறுகிறோம் என்று தெரிந்தாலும் மனசு நிறைந்து கிடந்தது. "ராத்திரி எனக்காவ எந்திரிச்சு வாரிய. அதுக்கு வேற என்னத்த நான் செய்ய, அக்கா?"

பேராச்சி இடுப்பிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"நானா?"

ரோசம்மா தலையாட்டினாள்.

"எனக்குத் துணை சைனப்பு அக்கால்லா? பத்து வருசமா அவதான். உங்கூட நான் ஒரு நாளும் வரலட்டி."

"அப்பம் யாரு வாரா?"

"யாரும் வரல. நீ தனியாத்தான் போற. குழாயில ஒரு ஆளு நடக்க சத்தந்தான் எங்களுக்குக் கேக்கு. எம்புட்டுத் தைரியம் இந்தப் புள்ளைக்குன்னு நாங்க பேசிக்கிடுவோம்."

பைப்பின் கீழே குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அடைக்கவில்லை. முக்காடிட்ட ஒருத்தி வந்து தட்டுகிறாளே என்றாள் ரோசம்மா. அந்தப் பெண் எங்கே நிற்பாள் என்று பேராச்சி கேட்டாள். இரண்டாவது மேடைப் பக்கத்தில் என்றாள் இவள். டப்பா உண்டா? இல்லை. வாடை ஏதாவது? ரோசம்மா சொன்னாள். நனைந்த சாக்கு... மஞ்சள்...

பேராச்சி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அகிலாண்டம் என்று ஒருத்தி. நாலைந்து வருஷம் முன்னால் தனியாளாக வந்து சேர்ந்தவள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. குழாய் தொடங்குகிற இடத்தில் சாக்கால் மறைப்புக் கட்டிக்கொண்டு, பழைய பிளாஸ்டிக் பொறுக்கிப் பிரித்துப் பிழைத்தாள். எந்த வேலை செய்தாலும் மாலையில் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிடுவாள். அப்போதும் பெண்கள் இரட்டைப் படையாகத்தான் இருந்தார்கள். அவள் ஒற்றை. யாராவது ஒரு ஜோடி இரக்கப்பட்டு நின்றால் அன்றைக்குப் போவாள். இல்லாத நாளில் பேசாமல் இருப்பாள்.

மூன்று வருஷம் முன்னால், ஆடி அமாவாசைக்கு மறுநாள் இரவு. கொட்டுகிற மழை. அவளுக்கு வயிற்றுக்கு ஆகவில்லை. எல்லோரும் போய்விட்டு வந்து படுத்தாயிற்று. அந்த நேரத்தில் முதல் வீட்டுத் தகரத்தில் தட்டினாள். பிறகு அடுத்த வீடு. அதற்கு அடுத்தது. முப்பத்தெட்டு வீடும்.

"எங்க வீட்டுல தட்டினது எனக்குக் கேட்டுது" என்றாள் பேராச்சி. "எந்திரிக்கணும்னுதான் கெடந்தேன். மழை. இப்பந்தான சேலைய மாத்தினோம்னு ஒரு நெனப்பு. அடுத்த வீட்டுக்காரி எந்திரிப்பான்னு பாத்தேன். அவளும் அப்படித்தான் பாத்திருக்கா. எல்லாவளும் முழிச்சிக்கிட்டேதான் கெடந்திருக்கோம்."

கடைசி வீடும் திறக்காதபோது அகிலாண்டம் தனியாகப் போனாள். பர்த்தி ஏறுகிற நேரம். திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் மாஹிம் பக்கம் ஒரு பெண்ணின் உடல் கரை ஒதுங்கியிருக்கிறது என்று நாணு வந்து சொன்னான். போய்ப் பார்க்க ஒருவருக்கும் முகம் இல்லை.

பார்த்தீர்களா... அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தீக்குச்சி கேட்டால் எழுந்து கொடுக்கிறவர்கள். ஒருத்தி எழுந்திருந்தால் போதும், பத்து நிமிஷம் மழையில் முதுகைக் காட்டி நின்றிருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் பேராச்சி ரோசம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். இன்றைக்கு இரண்டு தட்டுக்குக் கதவைத் திறக்காதே. நானும் சைனப் அக்காவும் வந்து மூன்று தட்டுத் தட்டுகிறோம். அதற்குத் திற. இனிமேல் நீ எங்களோடு வா. ஞானசீலன் விஷயத்தைக் கேட்டு, இன்று வேலைக்குப் போகவில்லை என்றான். ரோசம்மாதான் அனுப்பி வைத்தாள்.

விளக்கைத் தணித்துவிட்டு, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றக் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். வெளியே நாய் இல்லை, காற்று இல்லை. சேற்று வாடை மெல்லத் தூக்கியது. தண்ணீர் வடிந்துவிட்டது.

டக்... டக்.

மூன்றாவது தட்டுக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது தெரிந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. நனைந்த சாக்கின் வாடை மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. ரோசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அசையாமல் இருந்தால் போய்விடும். அசையாமல் இருந்தால்...

இப்படித்தான் இருந்திருப்பார்கள், என்று தோன்றியது அவளுக்கு. அன்றைக்கு முப்பத்தெட்டு வீட்டிலும். இதேபோல், இருட்டில், வாயைப் பொத்திக்கொண்டு. வெளியே ஒருத்தி நின்றிருக்கிறாள்.

இரண்டு மாதம், மழையில், தனக்காக எழுந்து வந்தவள். இன்று இந்தக் கதவும் திறக்காவிட்டால் அவள் அடுத்தபடி எங்கே போவாள்?

ரோசம்மா எழுந்து கதவைத் திறந்தாள்.

முக்காடு முன்னால் நடந்தது. இவள் பின்னால். தொம்... தொம்... ஒரே ஒரு காலடி. இன்றைக்கு அதைக் காது கொடுத்துக் கேட்டாள். இரண்டாவது மேடை வந்ததும் அந்தப் பெண் நின்று, வழக்கம்போல் திரும்பிக்கொண்டாள்.

ரோசம்மா கரைக்கு இறங்கவில்லை. மேடையில் நின்றபடியே டப்பாவை நீட்டினாள். தண்ணீர் தளும்பியது.

"இன்னைக்கு நீங்க போங்க, அக்கா. நான் நிக்கேன். நீங்க வாரவரைக்கும் நிக்கேன்."

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. பிறகு டப்பாவின் பாரம் அவள் கையை விட்டுப் போயிற்று.

ரோசம்மா திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டி நின்றாள். பின்னால், சேற்றில் ஒரு கால் புதைகிற சத்தம்... பிடுங்குகிற சத்தம்... மறுபடி ஒன்று. மெல்ல மெல்லத் தள்ளிப் போயிற்று. செடிகளைத் தாண்டி, கரையையும் தாண்டி... பிறகு எதுவும் இல்லை.

அருள் நிறைந்த மரியே சொன்னாள். பத்து சொன்னாள். இன்னொரு பத்து. இருமல் வரவில்லை. உப்பு வாடை வந்தது. பர்த்தி ஏறுகிறது. மேடையின் அடியில் தண்ணீர் நக்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கால்விரலில் ஈரம் பட்டது. ஓடிவிடலாம். நிற்கிறேன் என்று சொன்ன வார்த்தை இருந்தது.

குழாய் அதிர்ந்தது. தொம், தொம், தொம், தொம். பேராச்சியும் சைனப்பும். மூன்று தட்டுத் தட்டப் போனவர்கள், கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தார்கள். பேராச்சி அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் ஏறுகிறது, வா என்றாள்.

"நான் வரமாட்டேன், அக்கா. அவங்க போயிருக்காங்க. நான் நிக்கேன்னு சொல்லிட்டேன்."

பேராச்சியின் பார்வை ரோசம்மாவின் தோளுக்கு மேலாக அந்த இருட்டுக்குப் போகப் பார்த்தது. சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஒருத்தி போயிருக்கும்போது பார்க்கக் கூடாது. மேடையில் இறங்கி, ரோசம்மாவின் பக்கத்தில், கழிக்கு முதுகைக் காட்டி நின்றாள். சைனப்பும் இறங்கி நின்றாள். அவள் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன.

மூன்று முதுகுகள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பேராச்சி அழுவது சத்தமில்லாமல் தோளில் தெரிந்தது. கெண்டைக்காலுக்கு வந்தது.

அப்போதுதான், பின்னால், நடுக் கழியிலிருந்து... யாரும் நிற்க முடியாத ஆழத்திலிருந்து...

ஒரு இருமல்.

மூவருக்கும் கேட்டது. யாரும் திரும்பவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக் குழாயில் ஏறினார்கள். ரோசம்மா, பேராச்சி, சைனப். வரிசையாக நடந்தார்கள். தொம்... தொம்... காலடிகள். சைனப்புக்குப் பின்னால், ஒருவரும் இல்லாத இடத்தில், நாலாவது காலடி கேட்டது. முதல் முறையாக. அதுவும் இரும்பில் அழுத்தமாக, வீட்டுக்குத் திரும்புகிறவள் நடையாக.

தீவுக்குள் வந்ததும் அந்தக் காலடி நின்றது. மூவரும் சந்தில் நின்றார்கள். நல்ல இருட்டு. அப்போது முதல் வீட்டுத் தகரத்தில்...

டக்... டக்.

அங்கே யாரும் இல்லை. அடுத்த வீட்டில். டக், டக். அதற்கு அடுத்ததில். சத்தம் மெதுவாகச் சந்து நெடுகப் போயிற்று. பேராச்சி ரோசம்மாவின் கையை இறுக்கிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன் கேட்ட அதே வரிசை, அதே நிதானம்.

முதல் வீட்டுக் கதவு திறந்தது.

ஒரு பெண் டப்பாவோடு வெளியே வந்து நின்றாள். அடுத்த கதவு. அதற்கடுத்தது. தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம். தூக்கக் கலக்கத்தில் எழுந்தவர்கள் யாரையும் யாரும் கூப்பிடவில்லை. யார் தட்டியது என்றும் கேட்கவில்லை. அந்தத் தட்டை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசி வீடும் திறந்தபோது சந்து நிறையப் பெண்கள், இருட்டில், அவரவர் துணையோடு ஜோடி ஜோடியாக நின்றார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை.

அகிலாண்டம் போனதிலிருந்து சைனப்புக்கு ஒரு பழக்கம். இருட்டில் பெண்கள் கூட்டமாக நின்றால் ஒவ்வொருத்தி தோளையும் தொட்டு எண்ணிவிடுவாள். ஒருத்தியும் குறைந்துவிடக் கூடாது. அன்றும் எண்ணினாள். தானும் பேராச்சியும் இரண்டு. அடுத்து மூணு, நாலு. தோள் தோளாகத் தொட்டுக்கொண்டு, சந்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். நாற்பத்தொண்ணு, நாற்பத்திரண்டு. கடைசியாக, பேராச்சியின் பக்கத்தில் நின்ற ரோசம்மா. நாற்பத்திமூணு.

எண்ணி முடிந்தது. ஆனால் நகர்ந்துகொண்டிருந்த கை, தானாகவே அடுத்த தோளுக்குப் போயிற்று.

"நாப்பத்திநாலு" என்றது சைனப்பின் வாய்.

அந்தத் தோள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சைனப் கையை எடுக்கப் பார்த்தாள். எடுக்க முடியவில்லை. அவள் கையின்மேல், ஈரமாக, மெதுவாக, இன்னொரு கை வந்து படிந்திருந்தது.